மிஷின் முகப்பில் இருக்கும் அந்தக் குட்டிப் படங்கள்

புது ஜிக்ஜாக் மிஷின் வந்த வீடுகளில் முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். முகப்பில் ஒரு குமிழ், அதைச் சுற்றியோ பக்கத்திலோ வரிசையாகக் குட்டிப் படங்கள்: பிறை, அலை, வைரம், தேன்கூடு, இறகு. ஒவ்வொன்றாகத் திருப்பி ஒரு வேஸ்ட் துணியில் அடித்துப் பார்ப்போம். "அட, பூ வருது பாரு!" என்று வீடே வந்து எட்டிப் பார்க்கும். இரண்டாவது வாரம் குமிழ் நேர்த்தையலில் போய் நிற்கும். அப்புறம் வருடக்கணக்கில் அந்த இடத்தை விட்டு அசையாது.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வேஸ்ட் துணியில் அழகாக வந்த பிறை, நிஜமான உடுப்பில் அடிக்கும்போது சொதப்பிவிடுகிறது. எனக்கும் அதுதான் நடந்தது. அக்கா மகளுக்கு வாயில் என்கிற மெல்லிய காட்டன் துணியில், வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன் தைத்தேன். கீழ் ஓரம் முழுக்க வெள்ளை நூலில் பிறை அடித்தால் எப்படி இருக்கும் என்று ஆசை. அடித்து முடித்துத் தூக்கிப் பார்த்தால், ஓரம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கிறது. பிரிக்க இரண்டு ராத்திரி ஆனது. பிரித்த பிறகும் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

அன்றைக்கு மிஷின் மேல் பழி போட்டேன். மிஷின் என்ன செய்கிறது என்பதே எனக்குப் புரிந்திருக்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அது புரிந்துவிட்டால் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஊசி ஆடுகிறது, துணி நகர்கிறது

வீடுகளில் இருந்த பழைய கறுப்புக் கால் மிஷினில் ஊசிக்கு ஒரே வேலை, மேலும் கீழும் போய்வருவது. ஊசி துணியை விட்டு மேலே வந்ததும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் பல் எழும்பித் துணியை ஒரு சிறு தூரம் பின்னால் தள்ளும். அந்தத் தூரம்தான் தையல் நீளம். மேல் நூலும், அடியில் பாபின் என்ற குட்டி உருளையில் சுற்றியிருக்கும் நூலும் துணியின் நடுவில் ஒன்றை ஒன்று பின்னிக்கொள்ளும். நேர்த்தையல் அவ்வளவுதான்.

ஜிக்ஜாக் மிஷினில் இன்னொரு அசைவு கூடுகிறது. ஊசி துணிக்கு வெளியே இருக்கும் நேரத்தில் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்துகொண்டு, அடுத்த குத்தை வேறு இடத்தில் குத்தும். அந்த ஆட்டத்தின் அளவுதான் அகலம். வீட்டு மிஷின்களில் அதிகபட்ச அகலம் பெரும்பாலும் 5 மி.மீ. அல்லது 7 மி.மீ. இருக்கும், விலை கூடிய சிலவற்றில் 9 வரை போகும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மேசைமேல் ஒரு தாளை வைத்து, வீட்டில் ஒருவரை அதை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பென்சிலை ஒரே இடத்தில் வைத்து இடவலமாக மட்டும் ஆட்டுங்கள். தாளை வேகமாக இழுத்தால் கூரான பற்கள் போல ஜிக்ஜாக் விழும். மிக மெதுவாக இழுத்தால் கோடுகள் நெருங்கி, வண்ணம் தீட்டிய பட்டை போல ஆகிவிடும். இதுதான் சாட்டின் தையல். ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிப் பிறகு சிறிதாக்கினால் வைரம் வரும். ஒரு பக்கத்தை நேராக நிறுத்திவிட்டு மறுபக்கத்தை மட்டும் வளைத்தால் பிறை. பென்சிலை ஆட்டாமல் கொஞ்ச தூரம் விட்டுவிட்டு ஒரே ஒரு முறை பக்கத்தில் தாவினால், பேண்ட் மடிப்புக்கு அடிக்கிறோமே, அந்தக் கண்ணுக்குத் தெரியாத மடிப்புத் தையல்.

முகப்பில் எத்தனை படம் இருந்தாலும் எல்லாமே இந்த இரண்டு அசைவுகளின் கலவைதான். புடவைக் கடையில் ஃபால்ஸ் வைத்து ஓரத்துக்கு ஜிக்ஜாக் அடித்துத் தருகிறார்களே, அதுவும் இதே குடும்பம். பெரும்பாலான பூத்தையல்கள் அந்த ஜிக்ஜாக்கின் அகலத்தை வழியில் மாற்றிக்கொண்டே போனால் கிடைப்பவை.

அகலத்தை யார் மாற்றுகிறார்கள்? மிஷினுக்குள் சின்னச் சின்ன வட்டத் தகடுகள் உண்டு. விளிம்பு மேடு பள்ளமாக இருக்கும். தகடு சுற்றும்போது ஒரு சிறு விரல் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே போகும். மேடு வந்தால் ஊசி ஒரு பக்கம், பள்ளம் வந்தால் மறுபக்கம். நீங்கள் குமிழைத் திருப்பும்போது அந்த விரல் ஒரு தகட்டை விட்டு அடுத்த தகட்டின் மேல் போய் உட்காருகிறது. கம்ப்யூட்டர் மிஷினில் தகடு கிடையாது. எண்களைப் பார்த்துச் சிறு மோட்டார்கள் ஊசியையும் பல்லையும் நகர்த்துகின்றன. அசைவு என்னவோ அதே இரண்டுதான்.

இதன் வரலாறு நாம் நினைப்பதைவிட நீளம். எலியாஸ் ஹோவ் 1846-லும் ஐசக் சிங்கர் 1851-லும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவை நேர்த்தையல் மிஷின்கள். ஜிக்ஜாக் தையலுக்கு 1873-ல் காப்புரிமை வாங்கியவர் ஹெலன் அகஸ்டா பிளான்சார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஆனால் தகடு மாற்றிப் பூப்போடும் மிஷின் சாதாரண வீட்டுக்குள் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1952-ல் வந்த எல்னா சூப்பர்மேட்டிக் அந்த வகையில் பெயர் வாங்கியது. 1975-ல் சிங்கரின் மின்னணு மிஷின், 1979-ல் ஜனோமியின் மெமரி 7. இடையில் ஒரு உபரித் தகவல்: ஜனோமி என்றால் ஜப்பானிய மொழியில் பாம்பின் கண். வட்டமான பாபின் பாம்புக் கண் மாதிரி தெரிந்ததாம்.

இரண்டாவது வகைப் படங்கள்

முகப்பை உற்றுப் பார்த்தால் படங்கள் இரண்டு வரிசையாகவோ இரண்டு நிறத்திலோ இருக்கும். ஒரு வரிசையில் பிறை, வைரம். இன்னொன்றில் இறகு, நட்சத்திரம் போன்றவை. இந்த இரண்டாவது வரிசையை அடிக்க, தையல் நீளக் குமிழை எஸ்.எஸ். (ஸ்ட்ரெட்ச் ஸ்டிச்) என்று போட்டிருக்கும் இடத்துக்குத் திருப்பவேண்டும். இது தெரியாமல், "இறகுப் படத்தை வைத்தேன், வெறும் ஜிக்ஜாக்தான் வருது" என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.-ல் வைத்தால் பல், துணியைப் பின்னால் மட்டும் தள்ளாது. இரண்டு அடி தள்ளி ஓர் அடி திரும்ப இழுக்கும். பென்சில் சோதனையில் தாளை இழுப்பவர் நடுநடுவே தாளைத் திருப்பித் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இறகின் கிளைகளும் நட்சத்திரத்தின் முனைகளும் விழும். ஒரே இடத்தில் ஊசி இரண்டு மூன்று முறை குத்துவதால் தையல் தடிமனாகவும், இழுத்தால் நூல் அறாததாகவும் இருக்கும். பனியன் துணிக்கு நல்லது. பிரிப்பது மட்டும் நரக வேதனை.

இந்த வகையில் ஒரு தொல்லை உண்டு. முன்னே போகும் தூரமும் பின்னே வரும் தூரமும் ஒத்துப்போகாவிட்டால் நட்சத்திரத்தின் கால்கள் சேராது, ஒன்று நீண்டு இன்னொன்று குறுகிவிடும். துணி தடிமன் மாறினாலே இப்படி ஆகும். பல மிஷின்களில் எஸ்.எஸ். பகுதிக்குள்ளேயே கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு மயிரிழை நகர்த்தி, வடிவம் சேரும் இடத்தைப் பிடிக்கவேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.

துணி ஏன் நெளிகிறது

அப்பளத்துக்கு வருவோம். இதுதான் எல்லாரையும் துரத்திவிடும் பிரச்சினை, அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நேர்த்தையலை 2.5 மி.மீ. நீளத்தில் அடித்தால் 10 செ.மீ. தூரத்துக்கு ஊசி 40 முறை குத்தும். சாட்டின் தையலை 0.4 மி.மீ. நீளத்தில் அடித்தால் அதே 10 செ.மீ.க்கு 250 முறை. அகலம் 5 மி.மீ. என்றால் ஒவ்வொரு குத்துக்கும் 5 மி.மீ. நூல் துணிக்குக் குறுக்கே கிடக்கிறது. 250 முறைக்கு ஒன்றேகால் மீட்டர். உள்ளே போவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த நூல் ஒவ்வொன்றும் துணியின் இரண்டு பக்கத்தையும் நடுப்பக்கமாக இழுக்கிறது. வாயில் மாதிரி மெல்லிய துணிக்கு அதை எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. நடுவில் குழாய் போல எழும்புகிறது, பக்கங்கள் சுருங்குகின்றன.

அப்படியானால் வழி இரண்டு. நூலின் இழுப்பைக் குறைக்கவேண்டும். துணிக்குத் தெம்பு கொடுக்கவேண்டும். இரண்டையுமே செய்யவேண்டும்.

இழுப்பைக் குறைக்க மேல் நூலின் டென்ஷனை, அதாவது மிஷின் நூலை இறுக்கிப் பிடிக்கும் அளவை, தளர்த்துங்கள். நேர்த்தையலுக்கு 4-ல் வைப்பீர்கள் என்றால் 3-க்கோ இரண்டரைக்கோ இறக்குங்கள். நேர்த்தையலில் இரண்டு நூலும் துணியின் நடுவில் சந்திக்கவேண்டும் என்பது விதி. பூத்தையலில் அந்த விதியை வேண்டுமென்றே மீறுகிறோம். மேல் நூல் கொஞ்சம் கீழ்ப்பக்கம் இறங்கி, பின்பக்கத்தில் இரு ஓரமும் எட்டிப் பார்க்கவேண்டும். அப்போது மேலே பாபின் நூலின் வெள்ளைப் புள்ளிகள் தெரியாது, வளைவுகளும் உருண்டையாக வரும். பின்பக்கம் மேல் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டீர்கள் என்று அர்த்தம். பாபினிலும் அதே நிற நூல் போட்டுவிட்டால் சின்னத் தப்புகள் வெளியே தெரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இது ஒரு பெரிய ஆறுதல்.

தெம்பு கொடுக்க நம் வீட்டிலேயே ஒரு பொருள் இருக்கிறது, கஞ்சி. காட்டன் துணியாக இருந்தால் கெட்டியாகக் கஞ்சி போட்டு, காய வைத்து, மொடமொடவென்று இஸ்திரி போட்டுவிட்டு அடியுங்கள். வேலை முடிந்ததும் துவைத்தால் போய்விடும். அத்தோடு அடியில் ஒரு துண்டு பட்டர் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் தாளோ வைத்துத் துணியோடு சேர்த்துத் தைத்து, பிறகு கிழித்தெடுக்கலாம். தையலை ஒரு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுகையால் பேப்பரை மெதுவாகக் கிழிக்கவேண்டும்; வெடுக்கென்று இழுத்தால் தையல் கோணும். செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஒட்டிக்கொள்ளும். கழுத்துப் பட்டி, கைப்பட்டி மாதிரி நிரந்தரமாக விறைப்பாக இருக்கவேண்டிய இடங்களுக்கு ஜாக்கெட் கழுத்துக்கு வைக்கும் அதே பேப்பர் கேன்வாஸ் போதும், பின்பக்கம் இஸ்திரியால் ஒட்டிவிடலாம். பட்டு, ஜார்ஜெட் போன்றவற்றுக்குக் கஞ்சி சரிப்படாது, அவற்றுக்குப் பேப்பர்தான்.

கஞ்சி, பேப்பர் இரண்டையும் விட்டுவிட்டு நல்ல மிஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்பதாயிரம் ரூபாய் மிஷினும் தெம்பில்லாத வாயிலைச் சுருக்கத்தான் செய்யும்.

ஃபுட்டைத் திருப்பிப் பாருங்கள்

மிஷினோடு வந்த டப்பாவில் இருக்கும் ஃபுட்டுகளை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். இன்னொன்றில், பெரும்பாலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில், நடுவே அகலமான ஒரு வாய்க்கால் ஓடும். அதுதான் சாட்டின் ஃபுட். நெருக்கமாக அடித்த நூல் துணிக்கு மேல் ஒரு மேடு போல உட்காருகிறது அல்லவா? தட்டை ஃபுட் அந்த மேட்டின்மேல் ஏறி மாட்டிக்கொள்ளும். துணி நகராது, ஊசி மட்டும் அதே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும், அடியில் நூல் பந்தாகச் சுருண்டுவிடும். வாய்க்கால் இருந்தால் மேடு அதற்குள் புகுந்து போய்விடும். "என் மிஷினில் பிறை பாதியில் நின்றுவிடுகிறது" என்று யாராவது சொன்னால், முதலில் எந்த ஃபுட் போட்டிருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன்.

நேர்த்தையலுக்கென்று ஒற்றைத் துளை உள்ள ஃபுட்டோ பிளேட்டோ மாட்டியிருந்தால் பூத்தையல் பக்கமே போகாதீர்கள். ஊசி பக்கவாட்டில் ஆடியதும் இரும்பில் மோதி முறியும், துண்டு கண்ணுக்கு நேரே தெறிக்கும். எந்தப் புதுத் தையலாக இருந்தாலும் முதல் சில குத்துகளைக் கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்தபின் பெடலை மிதிக்கலாம். தையல் குமிழைத் திருப்பும்போதும் ஊசி துணிக்கு மேலே இருக்கவேண்டும். துணிக்குள் இறங்கியிருக்கும்போது திருப்பினால் ஊசி வளையும்.

ஊசி விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்த்துப் பட்டிருக்கிறேன். சாதாரணக் காட்டனுக்கு 14-ம் நம்பர், வாயிலுக்கும் மெல்லிய பட்டுக்கும் 11. மழுங்கின ஊசி நேர்த்தையலில் காட்டிக்கொடுக்காது. பூத்தையலில் 250 குத்தும் ஒன்றை ஒன்று ஒட்டி விழுவதால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பேப்பர் வைத்து அடித்தால் ஊசி இன்னும் சீக்கிரம் மழுங்கும். மாட்டும்போது, பெரும்பாலான ஜிக்ஜாக் மிஷின்களில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கவேண்டும்.

நூல்? சாதாரண பாலியஸ்டர் நூலே ஆரம்பத்துக்குப் போதும். பளபளப்பு வேண்டுமென்றால் மிஷின் எம்பிராய்டரிக்கென்று விற்கும் நூலை மேலே மட்டும் போட்டு, பாபினில் சாதாரண நூல் போடலாம். ஜரிகை நூல் ஆசை எல்லாருக்கும் வரும். அது ஊசிக் காதில் உரசி உரசி அறும். காது பெரிய ஊசி போட்டு, டென்ஷனை இன்னும் தளர்த்தி, ஆமை வேகத்தில் ஓட்டவேண்டும். அப்படியும் அறுந்தால் ஒரு குறுக்குவழி உண்டு: ஜரிகையைப் பாபினில் சுற்றிவிட்டு, துணியைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து அடியுங்கள். பாபின் நூல் ஊசிக் காது வழியாகப் போவதில்லை, அதனால் அறுவது குறையும். முன்பக்கம் ஜரிகை விழும். இதற்கு மட்டும் மேல் டென்ஷனைத் தளர்த்தக் கூடாது.

கோடு, தொடக்கம், முடிவு

நேர்த்தையல் பழகிய கண் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கும். பூத்தையலில் ஊசி ஆடிக்கொண்டே இருப்பதால் அதைப் பார்த்து ஓட்டினால் கோடு கோணலாகும். ஃபுட்டின் நடுவில் ஒரு சிறு கோடோ பிளவோ இருக்கும். அதைத் துணியில் போட்ட சாக் கோட்டின்மேல் ஓட்டுங்கள். தண்ணீரில் மறையும் பேனாவால் கோடு போட்டால், அதை அழிக்கும் முன் இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் சில மை நிலைத்துவிடும்.

கைகள் துணியைத் திருப்ப மட்டும்தான். பின்னால் இருந்து இழுத்தால் பிறை நீளும், முன்னால் பிடித்தால் நசுங்கும். வேகம் சீராக இருக்கவேண்டும்.

படத்தின் நடுவில் ஆரம்பித்தால் முதல் பிறை அரையாக விழும். சாதாரண மிஷினில் படத்தின் தொடக்கத்துக்குப் போக ஒரு பட்டன் கிடையாது. ஒரு வேஸ்ட் துண்டில் அடித்துக்கொண்டே போய், ஒரு பிறை முடிகிற இடத்தில் நிறுத்தி, ஊசியைத் தூக்கி, உண்மையான துணியை வைத்து ஆரம்பியுங்கள்.

வட்டமான ஓரத்தில் தொடக்கமும் முடிவும் சேரவேண்டும் என்றால் முன்கூட்டியே அளந்துகொள்ளவேண்டும். மாதிரித் துணியில் ஐந்து பிறை அடித்து அளக்கிறீர்கள், 6 செ.மீ. வருகிறது. அப்படியானால் ஒன்று 1.2 செ.மீ. கவுனின் ஓரம் 90 செ.மீ. என்றால் சரியாக 75 பிறை. ஓரம் 91 என்றால் 75-க்கும் 76-க்கும் நடுவே நிற்கும். 76 என்று வைத்துக்கொண்டு நீளக் குமிழை மயிரிழை குறைத்து இன்னொரு மாதிரி அடித்துப் பார்க்கலாம். இதற்கெல்லாம் பொறுமை இல்லை என்றால் தொடக்கத்தைப் பக்கவாட்டுத் தையலின்மேல் வையுங்கள். அங்கே யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. நான் பெரும்பாலும் இரண்டாவது வழிதான்.

முடிக்கும்போது நேர்த்தையல் பழக்கத்தில் ரிவர்ஸ் போட்டு அடிக்கக் கூடாது, அந்த இடம் கட்டியாகிவிடும். நூலை நீளமாக விட்டு வெட்டி, பின்பக்கம் பாபின் நூலை இழுத்தால் மேல் நூல் ஒரு கண்ணியாக எட்டிப் பார்க்கும். அதைப் பின்னால் இழுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள்.

மூலைகளில் திருப்புவது பற்றிக் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் மூலையே வேண்டாம் என்பது என் யோசனை. தலையணை உறையோ டேபிள் துணியோ எதுவானாலும், கோடுகளை விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடவிடுங்கள். மூலையில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகட்டும். பார்க்க அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

எதை எங்கே அடிக்கலாம்

இருபது படத்தில் நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நான்கைந்துதான். படங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மிஷின் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு அதுதான் காரணம். அகலம் 5-ஆ 7-ஆ, சாட்டின் ஃபுட் கூட வருகிறதா, இதைக் கேட்டு வாங்குங்கள்.

வெறும் சாட்டின் ஜிக்ஜாக்தான் எல்லாவற்றிலும் உழைப்பாளி. குழந்தை உடுப்பில் யானை, மாங்காய் என்று வேறு துணியில் வெட்டி ஒட்டுகிறோமே, அதன் ஓரத்தை மூட இது. வடிவத்தைப் பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டி வெட்டிக்கொண்டு, அகலம் 3, நீளம் 0.5-ல் ஆரம்பியுங்கள். ஊசி வெளிப்பக்கம் விழும்போது வடிவத்தின் விளிம்பைத் தாண்டி அடித்துணியில் மயிரிழை தூரத்தில் விழவேண்டும். வளைவில்தான் சூட்சுமம். யானையின் முதுகு மாதிரி வெளியே புடைத்த வளைவில், ஊசி வெளிப்பக்கம் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் துணியைக் கொஞ்சம் திருப்பவேண்டும். மாங்காயின் மூக்குக்குக் கீழே உள்ள மாதிரி உள்ளே குழிந்த வளைவில், ஊசி உள்பக்கம் இறங்கியிருக்கும்போது. மாற்றிச் செய்தால் தையல்களுக்கு நடுவே விசிறி விரிந்த மாதிரி இடைவெளி விழும். இரண்டு மாங்காய் முடிப்பதற்குள் கை பழகிவிடும்.

பிறையை விளிம்பாகவும் ஆக்கலாம். ஓரத்தை உட்புறம் மடித்து இரட்டைத் துணியாக்கி, மடிப்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளிப் பிறை வரிசை அடித்து, பிறகு வளைவுக்கு வெளியே இருப்பதைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டியெடுங்கள். நூலில் கத்தரி பட்டால் அவ்வளவுதான், ஒரு பிறை அவிழ்ந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மடிப்புத் தையல் படம் இருக்கிறதே, நாலு நேர்க்குத்து, ஒரு தாவல், அதை யாரும் அலங்காரம் என்று நினைப்பதில்லை. மெல்லிய வாயில், ஜார்ஜெட்டின் ஓரத்தை மடித்து, மடிப்பு விளிம்பைத் தாண்டி அந்தத் தாவல் வெளியே விழும்படி அடித்துப் பாருங்கள். தாவும் நூல் மடிப்பைச் சுற்றிக் கிள்ளிப் பிடிக்கும். ஓரம் முழுக்கக் குட்டிச் சிப்பிகள் வரிசையாக நிற்கும். தாவல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு மடிப்பை அந்தப் பக்கம் வையுங்கள். ஒன்று கவனிக்கவேண்டும்: இங்கே டென்ஷனைத் தளர்த்தக் கூடாது, கூட்டவேண்டும். மற்ற இடங்களில் நூல் துணியைச் சுருக்கினால் கோளாறு. இங்கே சுருக்குவதுதான் வேலையே. கேன்வாஸும் பேப்பரும் இதற்கு வேண்டாம்.

இறகுத் தையல், இரண்டு நிறத் துணிகள் சேரும் இணைப்புக் கோட்டின்மேல் அடிக்க அழகு. பழைய புடவைகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்குக் கச்சிதம்.

இரட்டை ஊசி என்று ஒன்று கடைகளில் கிடைக்கும், ஒரே தண்டில் இரண்டு ஊசி. அலைப் படத்தை இரண்டு நிற நூலில் அடித்தால் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். போடும் முன் கழித்தல் கணக்கு அவசியம். மிஷினின் அகலம் 5 மி.மீ., ஊசிகளுக்கு இடையே 2 மி.மீ. என்றால், அகலக் குமிழை 3-க்கு மேல் வைக்கவே கூடாது. வைத்தால் வெளிப்பக்க ஊசி பிளேட்டில் மோதும்.

கறுப்பு மிஷின் மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளரவேண்டாம். அதில் மாட்டும் ஜிக்ஜாக் இணைப்பு ஒன்று உண்டு. அது ஊசியை ஆட்டாது, துணியைப் பிடித்து இடவலமாக ஆட்டும். அடர்த்தியான சாட்டின் எல்லாம் அதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது; ஓரம் அடிக்கலாம், விட்டு விட்டு விழும் அலை அடிக்கலாம். ஃபுட்டைக் கழற்றி, பல்லை மறைத்து, வளையத்தில் துணியைப் பூட்டிக் கையாலேயே நகர்த்திப் பூப்போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வேறு வித்தை, அங்கே இரண்டு அசைவையும் கையே செய்கிறது.

எல்லாம் முடிந்ததும் ஒரு டர்க்கி டவலை விரித்து, பூத்தையல் பக்கத்தைக் கீழே கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். தையல் டவலுக்குள் அமுங்கிக்கொள்ளும், நசுங்காது.

அந்த மஞ்சள் கவுனை நான் விடவில்லை. பிரித்த துணியைத் துவைத்ததில் துளைகள் ஓரளவு மூடிக்கொண்டன. மிச்சத்தையும் மறைக்கிற மாதிரி அதே கோட்டின்மேல் மறுபடி பிறை அடித்தேன். மாதிரிக்கு அடித்த சாண் நீளத் துண்டு இன்னும் மிஷின் டிராயரில் கிடக்கிறது. அதன் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருப்பது: வாயில், கெட்டிக் கஞ்சி, பட்டர் பேப்பர் ஒன்று, ஊசி 11, அகலம் 5, நீளம் 0.4, டென்ஷன் இரண்டரை.